ஒரே டேட்டாபேஸ், மூன்று ரெயில்ஸ் ஆப்: மைக்ரேஷன்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி

வாடிக்கையாளர்கள் வரும் தளம் ஒரு ஆப். அலுவலகத்தில் புழங்கும் அட்மின் இன்னொரு ஆப். எஸ்எம்எஸ், பில் அனுப்பும் பின்னணி வொர்க்கர் மூன்றாவது. மூன்றும் ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்), மூன்றும் பேசுவது ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு. ஆனால் ஒவ்வொரு ஆப்பின் ரெப்போவிலும் (கோடு இருக்கும் கிட் களஞ்சியம்) தனித்தனி மைக்ரேஷன் ஃபோல்டர். மைக்ரேஷன் என்றால் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஒரு சிறு ஃபைல். ஒரு டேபிளை யார், எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் மூன்று ரெப்போவையும் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த நிலையிலிருந்து மைக்ரேஷன்கள் ஒரே ரெப்போவில் இருந்து, ஒரே இடத்திலிருந்து மட்டும் ஓடும் நிலைக்கு வருவதற்கான படிகள் இவை. எடுத்துக்காட்டுக்கு ஒரு பார்சல் புக்கிங் டேட்டாபேஸை வைத்துக்கொள்வோம்.

ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் சேர்ப்பது அரை நாள் வேலை. எந்த மாற்றம் எந்த ஆப்புக்கு முன்னால் போக வேண்டும், எதற்குப் பின்னால் போக வேண்டும் என்பதில்தான் புதிதாக வருபவர்கள் விழுகிறார்கள். அதனால் 7ஆம் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

ஒரு சொல் பற்றி: டேபிளின் நெடுக்கு வரிசையை ஆங்கிலப் பெயரில் 'காலம்' என்று எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள். எனவே புலம் என்றே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புரொடக்‌ஷன் பேக்கப்பை வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து, அந்த நகல் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் முதலில் அந்த நகலில்தான் செய்யப்போகிறோம்.

டேட்டாபேஸில் ரோல் (டேட்டாபேஸின் பயனர் கணக்கு) உருவாக்கவும் டேபிளின் உரிமையாளரை மாற்றவும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அவர் வேறு குழுவில் இருந்தால் இன்றே நேரம் கேட்டு வையுங்கள். இந்த வேலை பெரும்பாலும் நின்றுபோவது அங்கேதான்.

டேட்டாபேஸோடு இணையும் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். மூன்று ஆப் மட்டுமல்ல. கிரான் ஜாப், ரிப்போர்ட் கருவி, கணக்குப் பிரிவுக்காக யாரோ எழுதி மறந்துபோன பைத்தான் ஸ்கிரிப்ட், எல்லாமே வர வேண்டும். போஸ்ட்கிரெஸின் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவைச் சில நாள் இடைவெளி விட்டுப் பலமுறை பார்த்தால், எந்த முகவரியிலிருந்து எந்த ரோல் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, 3ஆம் பகுதி முடியும்வரை மூன்று ரெப்போவிலும் புதிய மைக்ரேஷன் கூடாது என்று குழுவில் சொல்லிவிடுங்கள். ஓடும் பஸ்ஸில் டயர் மாற்ற முடியாது.

1. முதலில் எண்ணிப் பாருங்கள்

ஓடி முடிந்த ஒவ்வொரு மைக்ரேஷனின் எண்ணையும் ரெயில்ஸ் 'ஸ்கீமா மைக்ரேஷன்ஸ்' என்ற டேபிளில் எழுதி வைக்கிறது. அந்த எண் 14 இலக்கம். ஃபைல் உருவான நேரம், யுடிசி கணக்கில். டேபிளில் இருப்பது அந்த எண் மட்டும்தான். எந்த ஆப் ஓட்டியது, ஃபைலுக்குள் என்ன இருந்தது என்பதெல்லாம் அங்கே கிடையாது.

மூன்று ஆப்பிலும் 'டிபி மைக்ரேட் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுங்கள். பல எண்களுக்கு எதிரே 'நோ ஃபைல்' என்று வரும். பயப்பட வேண்டாம். மற்ற ஆப் ஓட்டிய மைக்ரேஷன்கள் அவை.

பார்க்க வேண்டியவை மூன்று. டேபிளில் எண் இருந்து எந்த ரெப்போவிலும் ஃபைல் இல்லாதவை: யாரோ ஒரு பிராஞ்சில் ஓட்டிவிட்டு மெர்ஜ் செய்யாமல் விட்டவை. ஃபைல் இருந்து எண் இல்லாதவை: புரொடக்‌ஷனில் ஓடாதவை. மூன்றாவதுதான் ஆபத்தானது: ஒரே எண், இரண்டு ரெப்போ, உள்ளே வேறு வேறு வேலை.

மூன்றாவது வகையில் முதல் ஆப் ஓட்டியதுமே எண் டேபிளில் ஏறிவிடும். இரண்டாவது ஆப் தன் ஃபைலும் ஓடிவிட்டதாக நினைத்து, சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கையால் எண்ணைத் திருத்திய ஃபைல்களிலும், 001, 002 என்று எண் போட்ட மிகப் பழைய புராஜெக்ட்களிலும் இது வரும். அப்படி ஒன்று அகப்பட்டால் அதன் மாற்றம் உண்மையில் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

2. எந்த வழி என்று முடிவெடுங்கள்

இரண்டே ஆப், ஒரே குழு என்றால் தனி ரெப்போ தேவையில்லை. ஒரு ஆப்பை உரிமையாளராக அறிவித்து மைக்ரேஷன்களை அதற்குள் வையுங்கள். மற்ற ஆப்பின் டேட்டாபேஸ் அமைப்பு ஃபைலில் 'டேட்டாபேஸ் டாஸ்க்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால், அந்த ஆப்பிலிருந்து மைக்ரேட் கட்டளை எதையும் தொடாது. வேலை முடிந்தது. மிச்சத்தில் 5, 7 ஆகிய பகுதிகளை மட்டும் படியுங்கள்.

மூன்று ஆப், அல்லது இரண்டு குழு என்றால் தனி ரெப்போவே நல்லது. அதை ஒரு ஜெம் (ரூபி நூலகப் பொதி) ஆக்கி, ஆப்கள் ஜெம்ஃபைலில் (தமக்கு வேண்டிய ஜெம்களின் பட்டியல்) சேர்த்துக்கொள்ளட்டும். இந்த வழிகாட்டி இனி அந்த வழியில் போகிறது.

கிட் சப்மாட்யூலும் (ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை இணைப்பது) நடக்கும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். சப்மாட்யூலை இழுக்காமல் குளோன் செய்தால் அந்த ஃபோல்டர் காலியாக வரும். காலி ஃபோல்டரில் மைக்ரேட் கட்டளை பிழை எதுவும் காட்டாது. ஓட்ட ஒன்றும் இல்லை என்று வெற்றிகரமாக முடிந்துவிடும். டிப்ளாய் பச்சை விளக்கு காட்டும், புலம் மட்டும் வந்திருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் இதற்குப் பலிகொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ரெயில்ஸ் எஞ்சினின் (ஆப்புக்குள் பொருத்தும் குட்டி ஆப்) 'இன்ஸ்டால் மைக்ரேஷன்ஸ்' கட்டளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இங்கே பயன்படுத்தாதீர்கள். அது ஃபைலை ஆப்புக்குள் நகலெடுக்கும்போது புதிய நேர எண்ணைக் கொடுக்கிறது. மூன்று ஆப் நகலெடுத்தால் ஒரே மைக்ரேஷனுக்கு மூன்று எண். முதல் ஆப் டேபிளை உருவாக்கும், மற்ற இரண்டும் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று விழும். ஆப்புக்கு ஒரு டேட்டாபேஸ் இருக்கும் இடத்துக்காகச் செய்த ஏற்பாடு அது.

3. பழைய ஃபைல்களைச் சேர்த்து ஒரு அடித்தளம் போடுங்கள்

மூன்று ஆப்பின் மைக்ரேஷன்களையும் புதிய ரெப்போவின் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். எண்களைத் தொடாதீர்கள். புரொடக்‌ஷனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்கள்தான். ஒன்றை மாற்றினாலும் அது புதிய மைக்ரேஷன் ஆகிவிடும்.

சேர்த்தவுடன் பெரும்பாலும் 'ஒரே பெயரில் இரண்டு மைக்ரேஷன்' என்ற பிழை வரும். இரண்டு ஆப்பும் ஒரே கிளாஸ் பெயரை வைத்திருக்கும். கிளாஸ் பெயரையும் ஃபைல் பெயரில் எண்ணுக்குப் பின் வரும் பகுதியையும் மாற்றலாம். எண் மாறாதவரை பிரச்சினை இல்லை.

இப்போது காலி டேட்டாபேஸில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பழைய புராஜெக்ட் என்றால் எங்கோ நடுவில் நிற்கும். என்றோ அழித்த ஒரு மாடலை (டேபிளைக் கையாளும் கிளாஸ்) அது தேடும். ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொண்டிருக்க வேண்டாம். அடித்தளம் போடுவது எளிது.

முறை இதுதான். புரொடக்‌ஷனிலிருந்து தரவு இல்லாமல் அமைப்பை மட்டும் போஸ்ட்கிரெஸின் 'பிஜி டம்ப்' கருவி கொண்டு எடுங்கள். அதை அப்படியே ஓட்டும் ஒரே மைக்ரேஷன் எழுதுங்கள். அதற்கு, புரொடக்‌ஷனில் ஓடிய கடைசி மைக்ரேஷனின் எண்ணைக் கொடுங்கள். பிறகு பழைய ஃபைல்களை நீக்குங்கள். புரொடக்‌ஷனில் அந்த எண் ஏற்கெனவே இருப்பதால் அங்கே இது ஓடாது. காலி டேட்டாபேஸில் மட்டும் ஓடும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

டம்ப்பை அப்படியே ஒட்டினால் சில இடங்களில் உதைக்கும். ஸ்கீமா மைக்ரேஷன்ஸ் டேபிளையும் ரெயில்ஸின் உள் விவர டேபிளையும் உருவாக்கும் வரிகளை நீக்குங்கள். அவற்றை ரெயில்ஸே முன்னதாக உருவாக்கியிருக்கும். டம்ப்பின் தொடக்கத்தில் 'சர்ச் பாத்'தை (டேபிளைத் தேடும் இடங்களின் பட்டியல்) வெறுமையாக்கும் வரி ஒன்று இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லா டேபிளும் உருவான பிறகு, எண்ணைப் பதிவு செய்யும் கடைசி நொடியில் 'ஸ்கீமா மைக்ரேஷன்ஸ் என்று ஒரு டேபிளே இல்லை' என்று பிழை வரும். புதியவர்கள் அரை நாள் தலையைச் சொறியும் இடம் இது. பின்சாய்கோட்டில் தொடங்கும் வரிகள் இருந்தால் அவை பிஎஸ்க்யூஎல் கருவிக்கானவை. ரெயில்ஸுக்குப் புரியாது, நீக்குங்கள்.

சரிபார்க்க: காலி டேட்டாபேஸில் அடித்தளத்தை ஓட்டி, அதிலிருந்து ஒரு டம்ப் எடுத்து, புரொடக்‌ஷன் டம்ப்போடு டிஃப் போடுங்கள் (வரிவரியாக ஒப்பிடுங்கள்). பின்சாய்கோட்டு வரிகளைத் தவிர வேறுபாடு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு டம்ப்பையும் ஒரே பதிப்புக் கருவியால் எடுங்கள். பதிப்பு வேறானால் டம்ப்பின் வடிவமே கொஞ்சம் மாறி, இல்லாத வேறுபாடுகளைக் காட்டும்.

4. ஜெம்மை ஆப்களோடு இணையுங்கள்

ஜெம்முக்குள் ஒரு சிறிய எஞ்சின் போதும். அதன் இனிஷியலைசரில் (ஆப் எழும்போது ஓடும் பகுதி), ஜெம்மின் மைக்ரேஷன் ஃபோல்டரை ஆப்பின் மைக்ரேஷன் பாதைகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நகல் எதுவும் இல்லை. ஆப் நேராக ஜெம்முக்குள் இருக்கும் ஃபைலைப் படிக்கும், எண் மூன்று ஆப்புக்கும் ஒன்றாகவே இருக்கும்.

சேர்த்தும் ஆப்புக்குத் தெரியவில்லை என்றால் ஆப்பின் டேட்டாபேஸ் அமைப்பு ஃபைலைப் பாருங்கள். அங்கே 'மைக்ரேஷன்ஸ் பாத்ஸ்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தால் ரெயில்ஸ் அதை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் சேர்த்தது வீண். அதேபோல் ஜெம்மின் ஃபைல் பட்டியலை கிட்டிலிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தால், கிட்டில் சேர்க்காத புதிய மைக்ரேஷன் ஜெம்மில் போகாது.

மூன்று ஆப்பும் ஒரே ரெயில்ஸ் பதிப்பில் இல்லையா? மைக்ரேஷன் கிளாஸின் தலையில் வரும் பதிப்பு எண்ணில் கவனம் தேவை. அட்மின் ரெயில்ஸ் 6.1-இல் இருக்கும்போது 7.1 என்று எழுதிய மைக்ரேஷன் வந்தால், அந்தப் பதிப்பு தெரியாது என்று அட்மினில் மைக்ரேட் கட்டளை விழும். மூன்றில் மிகப் பழையது எதுவோ அந்த எண்ணையே எழுதுங்கள். அந்த எண் அலங்காரம் அல்ல. நேரப் புலங்களின் துல்லியம், பிரைமரி கீயின் வகை போன்ற இயல்பமைப்புகள் அதை வைத்துத்தான் முடிவாகின்றன.

5. அமைப்பை மாற்றும் உரிமையை ஒரே ரோலுக்குக் கொடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். 'அட்மினிலிருந்து யாரும் மைக்ரேட் ஓட்டக் கூடாது' என்று விக்கியில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அவசரத்தில் விக்கியை யாரும் திறப்பதில்லை. டேட்டாபேஸே மறுக்க வேண்டும்.

மைக்ரேட்டர் என்று ஒரு ரோல் உருவாக்குங்கள். எல்லா டேபிளுக்கும் அதுதான் உரிமையாளர். ஒவ்வொரு ஆப்புக்கும் தனி ரோல். அவற்றுக்குப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் உரிமை. தனித்தனி ரோலாக இருந்தால், பிறகு ஏதாவது லாக் (பூட்டு) பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த ஆப் என்று உடனே தெரியும்.

இருக்கும் டேபிள்களைக் கைமாற்ற 'ரீஅசைன் ஓன்ட்' இருக்கிறது. ஆனால் இத்தனை நாள் உரிமையாளராக இருந்த ரோல், உரிமை போனதும் டேபிளைப் படிக்கக்கூட முடியாமல் நிற்கும். எனவே கைமாற்றுவதையும் புதிய உரிமைகள் கொடுப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் இது முடியும். டேபிள்கள் 'போஸ்ட்கிரெஸ்' என்ற சூப்பர்யூசரின் பெயரில் இருந்தால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். அப்போது ஒவ்வொரு டேபிளாக மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து 'டிஃபால்ட் பிரிவிலேஜஸ்'. நாளை மைக்ரேட்டர் உருவாக்கும் டேபிளுக்கு ஆப் ரோல்களின் உரிமை தானாக வர இது வேண்டும். இதை எந்த ரோலுக்காக எழுதுகிறீர்களோ, அந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே பொருந்தும். டேட்டாபேஸ் நிர்வாகியாக நுழைந்து, மைக்ரேட்டரைக் குறிப்பிடாமல் எழுதினால் மைக்ரேட்டரின் டேபிள்களுக்கு ஒன்றும் நடக்காது. சீக்வென்ஸ்களுக்கும் (தானாக எண் தரும் எண்ணிகள்) சேர்த்து எழுதுங்கள். மறந்தால் புதிய டேபிளைப் படிக்க முடியும், வரி (டேபிளின் ஒரு பதிவு) சேர்க்கும்போது அனுமதி இல்லை என்று வரும்.

6. ஓட்டுவது ஒரே இடத்திலிருந்து

மைக்ரேஷன் ரெப்போவுக்குள்ளேயே ஆக்டிவ் ரெக்கார்டு (ரெயில்ஸின் டேட்டாபேஸ் பகுதி) மட்டும் கொண்ட ஒரு குட்டி ரெயில்ஸ் ஆப் வையுங்கள். புரொடக்‌ஷனில் மைக்ரேட் ஓட்டும் ஜாப் அதிலிருந்துதான் ஓட வேண்டும். மைக்ரேட்டர் ரோலின் பாஸ்வேர்டு அந்த ஜாப்புக்கு மட்டுமே தெரியட்டும்.

மூன்று ஆப்பின் டிப்ளாய் ஸ்கிரிப்டிலிருந்தும் மைக்ரேட் வரியை எடுத்துவிடுங்கள். ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ரெயில்ஸ் 7.1 முதல், புதிய ஆப் உருவாக்கும்போது வரும் டாக்கர் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட், சர்வர் எழும்போது 'டிபி பிரிப்பேர்' ஓட்டுகிறது. யாரும் கையால் எழுதாத வரி என்பதால் யார் கண்ணிலும் படாது. அதை நீக்குங்கள். கூடவே புரொடக்‌ஷனுக்கு மட்டும் டேட்டாபேஸ் டாஸ்க்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்ரேட் ஓட்டினால் என்ன ஆகும்? ரெயில்ஸ் போஸ்ட்கிரெஸில் ஒரு அட்வைசரி லாக் (கேட்டுப் பார்ப்பவர்கள் மட்டும் மதிக்கும் பூட்டு) எடுக்கிறது. அதன் எண் டேட்டாபேஸ் பெயரிலிருந்து வருவதால் எந்த ஆப்பிலிருந்து ஓட்டினாலும் ஒரே லாக்தான். இரண்டாவது ஆள் பிழையோடு வெளியேறுவார். ஆனால் நடுவில் பிஜிபவுன்சர் (டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் கருவி) டிரான்சாக்‌ஷன் பூலிங்கில் இருந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. லாக் எடுத்த செஷன் ஒன்று, விடப்போகும் செஷன் வேறு என்று ஆகிவிடும். மைக்ரேட் ஜாப் மட்டும் பவுன்சரைத் தாண்டி நேராக டேட்டாபேஸோடு இணையட்டும்.

7. மாற்றத்தின் வரிசை: விரித்து, நகர்த்தி, பிறகு சுருக்குங்கள்

ஒரே ஆப் இருந்தபோது மைக்ரேஷனும் ஆப்பின் கோடும் (நிரலும்) ஒன்றாகப் போயின. நடுவில் சில நொடிகள்தான் இடைவெளி. இப்போது அப்படியல்ல. தளம் இன்று டிப்ளாய் ஆகும், அட்மின் வியாழக்கிழமை, வொர்க்கர் யாராவது நினைவுபடுத்தினால். ஆகவே ஒவ்வொரு மைக்ரேஷனும், அதைப் பற்றி எதுவுமே தெரியாத பழைய கோடோடு சில நாட்களாவது சேர்ந்து வாழ வேண்டும். எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று ஓடிக்கொண்டிருக்கும் மூன்று ஆப்பும் இதற்குப் பிறகும் ஓடுமா?

சேர்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பு. புதிய டேபிள், வெறுமை அனுமதிக்கும் புதிய புலம், டிஃபால்ட் உள்ள புலம், இவற்றால் பழைய கோடுக்குத் தொல்லை இல்லை. போஸ்ட்கிரெஸ் 11 முதல் மாறாத டிஃபால்ட் உள்ள புலத்தைச் சேர்க்க டேபிள் முழுவதையும் திருப்பி எழுதுவதும் இல்லை. டிஃபால்ட் இல்லாமல் 'நாட் நல்' (வெறுமை கூடாது) என்று சேர்த்தால் கதை வேறு. டேபிளில் வரிகள் இருந்தால் மைக்ரேஷனே விழும். டேபிள் காலி என்றால் ஓடிவிடும், ஆனால் அந்தப் புலத்தை அறியாத ஆப் அடுத்து வரி சேர்க்கும்போது விழும். மூன்றில் ஒன்றுக்கு நிச்சயம் ஆப்பு.

நீக்குவதும் பெயர் மாற்றுவதும்தான் வேலை வாங்கும். புக்கிங் டேபிளில் 'மொபைல்' என்ற புலத்தைப் 'பெறுநர் எண்' என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒரே கட்டளையில் பெயரை மாற்றினால் அந்த நொடியே மூன்று ஆப்பும் விழும். செய்ய வேண்டிய வரிசை:

முதல் மைக்ரேஷன் புதிய புலத்தைச் சேர்க்கும். பழையதில் எழுதினால் புதியதிலும், புதியதில் எழுதினால் பழையதிலும் நகலெடுக்கும் ஒரு டிரிக்கரையும் (டேட்டாபேஸே தானாக ஓட்டும் செயல்) சேர்க்கும். ஒரே ஆப் என்றால் இரண்டிலும் எழுதுவதைக் கோடிலேயே செய்யலாம். மூன்று ஆப் என்றால் டிரிக்கர்தான் நல்லது. ஒரு ஆப்பில் மறந்தால்கூடத் தரவு பிரிந்து போகாது. டிரிக்கர் பிடிக்காதவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், இந்த ஒரு இடத்தைத் தவிர.

அடுத்து பழைய வரிகளை நிரப்புங்கள். ஒரே அப்டேட்டில் வேண்டாம். ஆயிரம் ஆயிரம் வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி டிரான்சாக்‌ஷனில் செய்யுங்கள். ஒரே அப்டேட் என்றால் தொட்ட வரிகள் எல்லாம் முடியும்வரை பூட்டியிருக்கும். அந்த பார்சலைத் திருத்த வரும் கவுன்ட்டர் ஆள் காத்திருக்க வேண்டிவரும்.

பிறகு ஒவ்வொரு ஆப்பும், தன் வசதிக்கேற்ற நாளில், புதிய புலத்துக்கு மாறட்டும். அதே டிப்ளாயில் பழைய புலத்தை 'இக்னோர்ட் காலம்ஸ்' (கண்டுகொள்ளாத புலங்கள்) பட்டியலில் சேர்க்கட்டும். இது ஏன் என்றால், ஆக்டிவ் ரெக்கார்டு டேபிளின் புலங்களை எழும்போது படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. ரெயில்ஸ் 7-இன் இயல்பமைப்பில், நீங்கள் தொடாத புலத்தின் பெயரும் இன்சர்ட்டில் போகும். கோடில் எங்கும் அந்தப் பெயர் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டுப் புலத்தை நீக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்கள் எல்லாம் வரி சேர்க்க முடியாமல் நிற்கும்.

எல்லா ஆப்பும் மாறி, எல்லாப் புராசஸும் ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் கடைசி மைக்ரேஷன்: டிரிக்கரையும் பழைய புலத்தையும் நீக்குவது. எல்லாப் புராசஸும் என்றால் வொர்க்கரும் சேர்த்து. வெப் சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு வொர்க்கரை மறப்பது நான் அதிகம் பார்த்த தவறு. தளம் நன்றாக இருக்கும், எஸ்எம்எஸ் மட்டும் போகாது. வாடிக்கையாளர் போன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

எது முடிந்தது என்று தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீக்கும் மைக்ரேஷனின் தலையில், எந்த ஆப் எந்த வெளியீட்டில் மாறியது என்று மூன்று வரி கமென்ட் எழுதச் சொல்லுங்கள். மூன்று வரியும் நிரம்பாமல் ரிவ்யூ தாண்டக் கூடாது.

லாக் பற்றி. டேபிளின் அமைப்பை மாற்றும் பெரும்பாலான கட்டளைகளுக்கு அந்த டேபிளின் முழுப் பூட்டு வேண்டும். அட்மினில் யாரோ மாதாந்திர ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார், பத்து நிமிடம் ஓடும் குவெரி. உங்கள் மைக்ரேஷன் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு சாதாரண செலக்ட்டும் உங்கள் மைக்ரேஷனின் பின்னால் நிற்கும். ரேஷன் கடை வரிசை போலத்தான்: முன்னால் நிற்பவர் நகராதவரை சும்மா கார்டைக் காட்ட வந்தவரும் நிற்க வேண்டும். அட்மினின் ரிப்போர்ட்டால் வாடிக்கையாளர் தளம் நின்றுபோகிறது. மைக்ரேட்டர் ரோலுக்கே 'லாக் டைம்அவுட்' 5 நொடி என்று வைத்துவிடுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் விழட்டும், திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' (எழுதுவதைத் தடுக்காமல்) சேர்த்து, அந்த மைக்ரேஷனுக்கு டிரான்சாக்‌ஷனை அணைக்க வேண்டும். நடுவில் விழுந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அரைகுறையாகத் தங்கிவிடும். 'இல்லையென்றால் உருவாக்கு' என்று எழுதியிருந்தால் அடுத்த முறை அந்தச் செல்லாத இண்டெக்ஸையே பார்த்து, இருக்கிறது என்று தாண்டிவிடும். முதலில் அதை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

மைக்ரேஷனே இல்லாத மாற்றமும் இந்தக் கணக்கில் வரும். புக்கிங் நிலையை எண்ணாகச் சேமிக்கும் ஈனம் (பெயருக்கு ஒரு எண் என்ற பட்டியல்) இருக்கிறது. தளத்தில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று புதிய நிலை, எண் 6. அட்மினின் கோடுக்கு 6 தெரியாது. அது பிழை காட்டாது, நிலை வெறுமை என்று படிக்கும். புதிய நிலையை முதலில் படிக்கும் ஆப்களில் சேர்த்து, கடைசியாக எழுதும் ஆப்பில் சேர்க்க வேண்டும். பட்டியலின் நடுவில் நுழைக்கவே கூடாது.

8. மைக்ரேஷனுக்குள் ஆப்பின் மாடலை அழைக்காதீர்கள்

மைக்ரேஷன் ஓடும் குட்டி ஆப்பில் புக்கிங் மாடலே கிடையாது, எனவே அழைத்தால் விழும். அதுவே நல்ல பாதுகாப்பு. ஆனால் டெவலப்பரின் கணினியில் தளத்திலிருந்து ஓட்டும்போது மாடல் இருக்கும், நன்றாக ஓடும். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற வசனம் பிறக்கும் இடம் இது.

தரவைத் தொட வேண்டுமானால் நேரடி எஸ்க்யூஎல் எழுதுங்கள், அல்லது மைக்ரேஷன் கிளாஸுக்குள்ளேயே வெறும் டேபிள் பெயர் மட்டும் கொண்ட ஒரு சிறு மாடலை வரையறுங்கள். கால்பேக் (சேமிக்கும்போது தானாக ஓடும் கோடு) கிடையாது, வேலிடேஷன் (சரிபார்ப்பு) கிடையாது. பழைய வரிகளை நிரப்பப்போய் ஆயிரக்கணக்கானவர்களுக்கு 'உங்கள் புக்கிங் புதுப்பிக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் போகாமல் இருக்க இதுதான் வழி.

9. டெஸ்ட் டேட்டாபேஸும் சிஐயும் (தானாக ஓடும் சோதனை)

மூன்று ஆப்பிலும் பழைய ஸ்கீமா ஃபைலை (டேட்டாபேஸ் அமைப்பின் பதிவு) நீக்குங்கள். மைக்ரேட்டுக்குப் பின் அதைத் திரும்ப எழுதும் அமைப்பையும், டெஸ்ட் தொடக்கத்தில் ஸ்கீமாவைப் பராமரிக்கும் வரியையும் அணையுங்கள். இல்லாவிட்டால் மூன்று ரெப்போவிலும் மூன்று ஸ்கீமா ஃபைல் வளரும், ஒவ்வொரு மெர்ஜிலும் மோதும்.

டெஸ்ட் டேட்டாபேஸை ஜெம்மின் மைக்ரேஷன்களை ஓட்டியே உருவாக்குங்கள். பழையவை ஒரே அடித்தள ஃபைலாகிவிட்டதால் இது வேகமாக முடியும். 2ஆம் பகுதியில் சொன்ன காலி ஃபோல்டர் கதை நினைவிருக்கட்டும். ஓட்டி முடித்ததும் எண்களின் எண்ணிக்கையை ஜெம்மின் ஃபைல் எண்ணிக்கையோடு ஒப்பிடும் ஒரு வரியை சிஐயில் சேருங்கள்.

மைக்ரேஷன் ரெப்போவின் சிஐக்கு ஒரு வேலை அதிகம். புதிய மைக்ரேஷனை ஓட்டிய டேட்டாபேஸின் மேல், புரொடக்‌ஷனில் இப்போது இருக்கும் மூன்று ஆப்பின் டெஸ்ட்களையும் ஓட்ட வேண்டும். மாஸ்டர் பிராஞ்ச் அல்ல, புரொடக்‌ஷனில் ஓடும் கமிட். 7ஆம் பகுதியின் அந்த ஒரு கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்வது இங்கேதான். மெதுவாக இருக்கும். இருக்கட்டும்.

10. பின்வாங்குவதும் பழையதை அழிப்பதும்

புரொடக்‌ஷனில் கடைசி மைக்ரேஷனைத் திரும்பப் பெறும் ரோல்பேக் கட்டளையை மறந்துவிடுங்கள். கடைசி எண் யாருடைய மாற்றமோ தெரியாது. தளத்தின் தவறைத் திருத்தப் போய் அட்மினின் டேபிளை நீக்கிவிடலாம். தவறான மாற்றத்தைப் புதிய மைக்ரேஷனால் சரிசெய்யுங்கள். டெவலப்பர் கணினியில் ரோல்பேக் செய்யும்போது 'அந்த எண்ணில் மைக்ரேஷன் இல்லை' என்று வந்தால், அந்த ஆப்பில் இருக்கும் ஜெம் பழையது என்று பொருள். பண்டில் அப்டேட் செய்தால் போகும்.

ஆப்களில் இருக்கும் பழைய மைக்ரேஷன் ஃபோல்டர்களை அடித்தளம் போட்ட நாளே அழிக்க வேண்டாம். ஒரு புலத்தைச் சேர்ப்பதிலிருந்து நீக்குவதுவரை ஒரு முழுச் சுற்று புதிய முறையில் போய் முடியட்டும். அதற்குப் பிறகு அழியுங்கள்.

அழித்த பிறகும் பழக்கம் போகாது. யாராவது தளத்தின் ரெப்போவில் நின்றுகொண்டு மைக்ரேஷன் ஜெனரேட்டரை ஓட்டுவார். ஃபைல் ஆப்பின் சொந்த ஃபோல்டரில் வந்து உட்காரும், அவர் கணினியில் ஓடும், புரொடக்‌ஷனில் என்றைக்கும் ஓடாது. அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருந்தாலும் பில்டை உடைக்கும் ஒரு வரியை மூன்று ஆப்பின் சிஐயிலும் எழுதி வையுங்கள். பிழைச் செய்தியில் புதிய ரெப்போவின் பெயரையும் சேர்த்துவிட்டால், உங்களைக் கேட்டு வரும் அழைப்புகள் பாதியாகக் குறையும்.